கறிக்கு எந்த ஆடு? கணக்கைப் பெட்டையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கர் இடம் இருக்கிறது. வேலியோரம் அகத்தியும் சூபாபுல்லும் நிற்கின்றன. பக்கத்துப் புதர் நிலத்துக்குத் தினமும் மூன்று நான்கு மணி நேரம் ஓட்டிப் போகலாம். மழைக்காலத்தில் தரை சொதசொதவென்று ஆகிவிடும், அப்போது கொட்டில்தான். கறிக்காக ஐந்து பெட்டைகளோடு தொடங்க நினைக்கிறேன். ஒருவர் போயர் வாங்கு, சீக்கிரம் எடை ஏறும் என்கிறார். இன்னொருவர் ஜமுனாபாரி என்கிறார். வீட்டுப் பெரியவர்கள் நாட்டாடு போதும் என்கிறார்கள். எதை எடுப்பது? கிடாவும் சேர்த்து வாங்க வேண்டுமா? கொம்பில்லாத மோழை ஆடு முட்டாது, அதையே தேடி வாங்கலாமா?

பதில்: மூன்று பேரும் இனத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். இடத்தைப் பற்றிச் சொன்னது நீங்கள் மட்டும்தான். விடை அதில் இருக்கிறது. புதர், மரத்தழை, மழையில் ஈரத் தரை, ஐந்தே பெட்டை. இதற்குப் பொருந்துவது நடுத்தர உடம்போடு, ஈற்றுக்கு இரண்டு குட்டி போட்டு, இரண்டையும் பால் கொடுத்துத் தேற்றுகிற, உங்கள் பகுதியின் மழையிலும் வெயிலிலும் பிறந்து வளர்ந்த பெட்டை. பெரியவர்கள் பக்கம்தான் என் ஓட்டு. ஆனால் நாட்டாடு என்று யார் எதைக் கயிற்றில் பிடித்து வந்தாலும் வாங்கிவிடாதீர்கள். ஒரே இனத்துக்குள் நல்ல பெட்டைக்கும் மோசமான பெட்டைக்கும் உள்ள வித்தியாசம், பல நேரம் இரண்டு இனங்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிது.

கறி ஆடு என்றதும் எல்லோரும் கிடாவின் எடையைத்தான் கேட்கிறார்கள். நன்றாகத் தீனி தின்று வளர்ந்த போயர் கிடா 110 கிலோவைத் தாண்டும் என்பது உண்மை. ஆனால் நீங்கள் வருடம் முழுக்கத் தீனி போடப்போவது பெட்டைக்கு. ஒரு பெட்டை தின்ற தீனிக்கு எத்தனை கிலோ குட்டியைத் திருப்பித் தந்தது என்று பார்ப்பதே சரியான கணக்கு.

கணக்குக்காக இரண்டு பெட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 28 கிலோ, இரட்டைக் குட்டி, மூன்று மாதத்தில் பால் மறக்கும்போது குட்டி ஒவ்வொன்றும் 8 கிலோ, மொத்தம் 16. இன்னொன்று 45 கிலோ, ஒற்றைக் குட்டி, அதே வயதில் 14 கிலோ. குட்டியை மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் கண்ணைப் பறிக்கும். வெள்ளாடு ஒரு நாளைக்குத் தன் எடையில் 4 சதவீதம் அளவுக்கு உலர்பொருள், அதாவது ஈரம் நீக்கிக் கணக்கிட்ட தீனி, தின்னும் என்று வைத்தால், சின்னதற்கு 1.1 கிலோ, பெரியதற்கு 1.8 கிலோ. அதாவது பெரிய பெட்டை ஐந்துக்குப் போடும் 9 கிலோ உலர்பொருளில் சின்ன பெட்டை எட்டை வைத்துக்கொள்ளலாம். ஐந்து பெரியவை 70 கிலோ குட்டி தரும். எட்டு சின்னவை 128 கிலோ தரும்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரட்டையில் ஒன்று செத்துப்போனால் இந்தச் சாதகம் முழுவதும் போய்விடும். 28 கிலோ பெட்டைக்கு 8 கிலோ குட்டி என்பது பெரிய பெட்டையின் கணக்கைவிடக் கீழே. ஆகவே இரட்டை போடும் இனம் என்பது பாதி விஷயம்தான். மீதிப் பாதி பால். ஈன்ற ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு குட்டிக்கும் சீம்பால் இறங்க வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் குட்டி எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 கிலோ குட்டிக்கு 200 மில்லி. மூன்று குட்டி போடும் பெட்டையைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆட்டுக்குக் காம்பு இரண்டுதான். மூன்றாவது குட்டிக்குப் புட்டிப்பால் ஊட்ட வீட்டில் ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இப்போது இனங்கள்.

போயர் தென்னாப்பிரிக்காவில் கறிக்கென்றே தேர்ந்து வளர்த்த இனம். அதற்கான வளர்ப்போர் சங்கம் அங்கே 1959 இல் அமைந்தது. நெஞ்சும் தொடையும் நிறைந்த உடம்பு. தானியமும் தவிடும் கலந்த அடர்தீவனம் தாராளமாகக் கிடைத்தால் குட்டி நாளொன்றுக்கு 150 முதல் 200 கிராம் வரை எடை போடும். அந்தத் தீனி இல்லாமல் புதரில் மட்டும் விட்டால் இந்த வேகம் வராது, உடம்பு மட்டும் பெரியதாக நின்று தீனி கேட்கும். உங்கள் ஈரத் தரை இன்னொரு தலைவலி: வறண்ட நிலத்தில் உருவான இந்த இனம் நசநசப்பான இடத்தில் குடற்புழுவுக்கும் குளம்பு அழுகலுக்கும் எளிதில் ஆளாகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். வெள்ளை உடம்பு, செம்பழுப்புத் தலை என்ற அந்த அடையாளம் கலப்புக் குட்டிகளிலும் எளிதாக வந்துவிடும். நிறத்தைக் காட்டி ‘அசல் போயர்’ என்று சொன்னால், தாயையும் தகப்பனையும் கண்ணால் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

கிகோ பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இங்கே சொல்வது பொருத்தம். நியூசிலாந்தில் 1980களில், காட்டில் திரிந்த ஆடுகளைப் பால் இனக் கிடாக்களோடு சேர்த்து, கவனிப்பே இல்லாமல் விட்டு, தாக்குப்பிடித்து வேகமாக வளர்ந்தவற்றை மட்டும் தேர்ந்து உருவாக்கிய இனம் அது. பார்வைக்குப் போயர் அளவுக்கு எடுப்பாக இருக்காது. கவனிக்க வேண்டியது தேர்ந்த முறையைத்தான். ஐந்து ஆடு வைத்திருப்பவரும் அதைச் செய்யலாம். எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஜமுனாபாரி உயரமான, தொங்கு காதுள்ள ஆடு. பாலும் தரும், உடம்பும் பெரிது. ஆனால் பெரும்பாலும் ஒற்றைக் குட்டி. நடந்து, எட்டிப் பறித்துத் தழை தின்றே பழகிய இனம். மழை மாதங்களில் கொட்டிலில் அடைத்தால் வாடும். வீட்டுக்குப் பாலும் வேண்டும் என்றால் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். கறிக்காக மட்டும் என்றால் எனக்கு இதில் ஈடுபாடு இல்லை.

கட்டிப்போட்டு வளர்க்க ஏற்றது பார்பாரி. குட்டையான, கச்சிதமான உடம்பு, இரட்டைக் குட்டி சகஜம், சின்ன இடத்தில் சண்டையில்லாமல் இருக்கும். உங்களுக்கு மேய்ச்சலே இல்லாதிருந்தால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். கருப்பு வங்காள ஆடு இன்னும் சின்னது. பெட்டை 20 கிலோவுக்கு முன்பின். ஈற்றுக்கு இரண்டு மூன்று குட்டிகள் போடும், ஆனால் குட்டி ஒன்றரை கிலோகூட இருக்காது, பாலும் குறைவு. மூன்றாவது குட்டி பிழைப்பது கடினம்.

மழையும் ஈரமும் உள்ள இடத்தில் தலச்சேரி ஆடு நன்றாக நிற்கிறது. பெட்டை 30 கிலோ அளவில், இரட்டைக் குட்டி பரவலாக உண்டு. வறண்ட புதர்க்காட்டுக்குக் கன்னி ஆடும் கொடி ஆடும். கன்னி ஆட்டைக் கருப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வரி என்று தெரிந்துகொள்ளலாம். இரட்டைக் குட்டியும் நல்ல தாய்க்குணமும் அதன் பலம். கொடி ஆடு உயரமாக, ஒடிசலாக இருக்கும், நெடுந்தூரம் நடக்கும். நாளுக்கு மூன்று மணி நேர மேய்ச்சலுக்கு அந்த நீளக் கால்கள் வீண். உங்கள் நிலையில் தலச்சேரியோ கன்னியோ, எது உங்களுக்கு அருகில் மந்தையாக வளர்க்கப்படுகிறதோ அது. தூரத்திலிருந்து லாரியில் ஏற்றிவரும் உசத்தியான ஆட்டைவிட, பக்கத்தில் அதே தண்ணீரையும் அதே தழையையும் தின்று வளர்ந்த சுமாரான ஆடு முதல் வருடத்தில் நன்றாக நிற்கும். பயணக் களைப்பு, தீனி மாற்றம், புதுக் கிருமி எல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்து வரும்போதுதான் நிமோனியா பிடிக்கிறது.

புழு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஈரத் தரையில் ஆட்டைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் புழுவின் குஞ்சுகள் புழுக்கையிலிருந்து வெளிவந்து, பனி ஈரத்தில் புல்லின் அடியில் சில அங்குலம்தான் ஏறி நிற்கும். முழங்கால் உயரத்துக்கு மேலே தழை பறித்துத் தின்னும் ஆட்டுக்கு அவை கிடைப்பதில்லை. ஆகவே உங்கள் அகத்தியும் சூபாபுல்லும் தீனி மட்டுமல்ல, மருந்துச் செலவையும் குறைப்பவை. காலைப் பனி காய்ந்த பிறகு ஓட்டுங்கள். புல்லை ஒட்ட மேயவிடாதீர்கள். சூபாபுல்லில் மைமோசின் என்ற நச்சு உண்டு. மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் முடி உதிரும், கழுத்து வீங்கும்.

மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் ஆட்டின் கீழிமையையும் விரலால் தாழ்த்திப் பாருங்கள். உள்புறம் சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறிய இளஞ்சிவப்பு என்றால் கவனம். வெள்ளையாக இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை போலத் தொங்கினால் இன்னும் அவசரம். இதை நிறப் படத்தோடு ஒப்பிட ஃபமாச்சா அட்டை என்று ஒன்று இருக்கிறது, கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் குடற்புழு மருந்து ஊற்றுவது தவறு. மருந்துக்குச் சாகாத புழுவை நாமே வளர்த்துவிடுகிறோம். ஆட்டுக்கு மருந்தளவு செம்மறிக்கு உள்ளதே அல்ல. அதை மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும். எந்தப் பெட்டைக்கு வருடத்தில் எத்தனை முறை மருந்து தேவைப்பட்டது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு வருடத்தில் அந்த நோட்டு, எந்தப் பெட்டையின் மகளை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்பதைச் சொல்லிவிடும். கிகோவை உருவாக்கியவர்கள் பெரிய அளவில் செய்தது இதைத்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. முதலில் பல். பால் பல் எட்டும் இருந்தால் வயது ஒன்றுக்குள். நடுவில் இரண்டு பெரிய பல் வந்திருந்தால் ஒரு வயது தாண்டியது. நாலு பல் என்றால் இரண்டு வயதை ஒட்டி. எட்டும் விழுந்து முளைத்திருந்தால் நாலு வயது. உங்களுக்கு இரண்டு பல், நாலு பல் ஆடுகள் போதும். ஒருமுறை ஈன்று குட்டியோடு நிற்கும் பெட்டை கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். பாலும் தாய்க்குணமும் கண்முன்னே தெரிந்துவிடும். மடியைக் கையில் ஏந்திப் பாருங்கள்: பஞ்சு போல இருக்க வேண்டும், உள்ளே கட்டி நெருடக் கூடாது, இரண்டு காம்பிலும் பால் பீச்ச வேண்டும். குட்டி வாயில் அடங்காத அளவு பருத்த காம்பு வேண்டாம். தாடைக்கு அடியிலும் தோளுக்கு முன்னாலும் விரலை ஓட்டுங்கள். நெல்லிக்காய் போல உருளும் கட்டி இருந்தால் அது சீழ்க்கட்டி நோயாக இருக்கலாம், உடைந்தால் மந்தை முழுக்கப் பரவும். பின்தொடையில் கழிச்சல் காய்ந்து ஒட்டியிருக்கிறதா? நடக்கவிட்டுப் பார்த்தீர்களா? கடைசியாக, இரட்டையாகப் பிறந்ததா என்று கேளுங்கள். பதிலை நம்புவதைவிட, தாய் அங்கேயே இருந்தால் அதன் இப்போதைய குட்டிகளை எண்ணிக்கொள்வது மேல்.

தராசு இல்லாவிட்டால் தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரை நீளம். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 28, நீளம் 24 என்றால் ஏறத்தாழ 28½ கிலோ. வயிறு நிறையத் தண்ணீர் காட்டி நிறுத்திய ஆட்டுக்கு எந்த நாடாவும், ஏன், தராசும்கூட உண்மை சொல்லாது. காலையில் தீனிக்கு முன் அளக்கச் சொல்லுங்கள்.

கிடா பற்றி. ஒரு கிடா 20 பெட்டை வரை தாங்கும். ஐந்து பெட்டைக்காக ஒன்றை வருடம் முழுதும் வளர்ப்பது தீனி நட்டம், வாடையும் கூட. பெட்டை 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், ஒன்றிரண்டு நாள் நிற்கும். வாலை விடாமல் ஆட்டும், கத்தும், தீனி குறையும். அந்த நேரத்தில் பக்கத்தில் உள்ள நல்ல கிடாவிடம் சேர்த்துவரலாம். கிடாவுக்குக் கருச்சிதைவு நோய்ப் பரிசோதனை ஆகியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செயற்கை முறைக் கருவூட்டல் கிடைத்தால் அதுவும் சரி. கிடா வாங்கியே தீர வேண்டும் என்றால் உங்கள் பெட்டைகளுக்கு உறவில்லாத மந்தையிலிருந்து எடுங்கள். இரண்டு வருடத்தில் மாற்றுங்கள், இல்லையென்றால் மகள்களோடு சேர்ந்துவிடும். விதை இரண்டும் ஒரே அளவாக, கெட்டியாக இருக்க வேண்டும்.

சின்ன மந்தையில் அடிக்கடி நடக்கும் தவறு இன்னொன்று. மூன்று மாதம் தாண்டிய கிடாக்குட்டியைத் தாயோடும் அக்காள் தங்கைகளோடும் விட்டுவைப்பார்கள். நாலாம் மாதத்திலேயே அது சினைப்படுத்தக்கூடியது. ஐந்து மாதப் பெட்டைக்குட்டி, தன் உடம்பே வளராத நிலையில் சினையாகி, குட்டியும் போகும், தாயும் வளராமல் நின்றுவிடும். மூன்றாம் மாத முடிவில் பிரித்துவிடுங்கள். பெட்டைக்குட்டி வளர்ந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிய பிறகே கிடாவுக்கு விட வேண்டும். நடுத்தர இனத்துக்கு அது பத்துப் பன்னிரண்டு மாதம்.

போயர் ஆசை முழுதும் போகவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. இரண்டு வருடம் நாட்டு இனத்தை அதே இனக் கிடாவோடு சேர்த்து, நல்ல பெட்டைக்குட்டிகளைத் தேர்ந்து நிறுத்திக்கொள்ளுங்கள். அதன்பின், இரண்டு மூன்று ஈற்று கண்ட பெரிய பெட்டைகளுக்கு மட்டும் போயர் கிடாவைச் சேர்த்து, வரும் கலப்புக் குட்டிகள் அனைத்தையும் கறிக்கு விற்றுவிடுங்கள். தலைச்சன் பெட்டைக்குப் போயர் கிடா கூடாது. ஒற்றைக் குட்டியாகத் தங்கினால் தலை பெரிதாகி இடுப்பெலும்பில் சிக்கும். நள்ளிரவில் இழுத்தெடுக்க ஆள் தேட வேண்டிவரும். கலப்புப் பெட்டையையே நிறுத்தி மறுபடி போயருக்கு விட்டுக்கொண்டு போனால், ஒவ்வொரு தலைமுறையிலும் உடம்பு ஏறும், தாங்கும் திறன் இறங்கும்.

தீனிக் கணக்கு: 28 கிலோ பெட்டைக்கு ஒரு நாளைக்குத் தழையும் புல்லுமாக 3 கிலோ, காய்ந்த கொடி அல்லது வைக்கோல் 300 கிராம், அடர்தீவனம் 200 கிராம். சினைக்காலம் 150 நாள். குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி 50 நாளில்தான். அப்போது இரட்டைக்குட்டி வயிற்றை அடைத்துக்கொள்வதால் பெட்டையால் நிறையத் தழை தின்ன முடியாது. அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாக 350 கிராம் வரை ஏற்றுங்கள். ஏற்றாவிட்டால் உடம்புக் கொழுப்பு கரைந்து சினை நஞ்சு வரும்: தீனி வெறுக்கும், ஒதுங்கி நிற்கும், பல்லை நறநறக்கும். விற்க வளர்க்கும் கிடாக்குட்டிக்கு நேர்மாறான ஆபத்து. தானியமும் தவிடும் மிகுந்தால் சிறுநீர்ப்பாதையில் கல் அடைக்கும்; சீக்கிரமே காயடித்த குட்டிக்கு அந்தக் குழாய் இன்னும் குறுகலாக இருக்கும். தண்ணீர் எப்போதும் சுத்தமாக நிற்கட்டும். செம்மறிக்கென்று விற்கும் தாது உப்பை ஆட்டுக்குப் போடாதீர்கள். அதில் செம்பு குறைவாக இருக்கும், ஆட்டுக்குப் போதாது.

ஐந்து பெட்டை என்பது ஐந்தாகவே இருக்காது என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரே ஈற்றில் பன்னிரண்டு பதின்மூன்று தலையாகிவிடும். கொட்டிலை இப்போதே அதற்கேற்பக் கட்டுங்கள்: பெரிய ஆட்டுக்கு 10 முதல் 12 சதுர அடி, குட்டிக்கு 5, கிடா இருந்தால் 20. ஈர நிலம் என்பதால் பரண் தரை, அதாவது நிலத்திலிருந்து உயர்த்தி இடைவெளி விட்டுப் பலகை அடித்த தரை. புழுக்கை விழ வேண்டும், குட்டியின் குளம்பு சிக்கக் கூடாது. வந்த ஆடுகளை முதல் 30 நாள் தனியே வையுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி எப்போது என்பதை அந்த ஒரு மாதத்துக்குள் மருத்துவரிடம் கேட்டு நாள் குறித்துக்கொள்ளலாம்.

மோழை ஆட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முட்டினால் வலி குறைவு, தீனித் தொட்டியில் தலை சிக்காது, அவ்வளவு சௌகரியம் உண்டு. ஆனால் பிறவியிலேயே கொம்பில்லாத கிடாவையும் கொம்பில்லாத பெட்டையையும் சேர்த்தால், பிறக்கும் பெட்டைக்குட்டிகளில் சில ஆணும் பெண்ணுமல்லாமல் பிறக்கும். கொம்பில்லாமையைத் தரும் மரபணு இரண்டு பக்கமும் வந்து சேரும்போது நேர்வது இது. அந்தக் குட்டி பருவத்துக்கே வராது, கிடா போல நடந்துகொள்ளும், கறிக்குத்தான் ஆகும். குட்டியிலேயே கொம்பு சுட்டுவிட்ட ஆட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சுட்ட தழும்பு இருக்கிறதா என்று உச்சியைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். கிடா கொம்புள்ளதாக இருக்கட்டும். பெட்டைகளில் ஒன்றிரண்டு மோழையாக இருந்தால் பரவாயில்லை.